கரண்டு பில்லுக்கும் அளவு எடுக்க வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், மாடியில், எனக்கு ஒரு தையற்கடை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் துணியோடு சேர்த்துக் கரண்டு பில்லையும் பையிலிருந்து எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஓர் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். அவர் கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். 2025 ஜூலை 1-ஆம் தேதி கட்டண முறை மாறியதிலிருந்து துணியைவிடப் பில்தான் அதிகமாக வருகிறது.

கேள்வியும் ஏறக்குறைய ஒன்றேதான். "பக்கத்து வீட்டுக்கு 80 சொச்சம் வெள்ளி, எனக்கு மட்டும் 100 வெள்ளிகிட்ட வந்திருக்கு. ரெண்டு வீட்டிலயும் ஒரே சாமான்தான், ஒரே ஆளுங்கதான். மீட்டர் கெட்டுப்போச்சா அக்கா?"

மீட்டர் கெடவில்லை. பக்கத்து வீட்டில் 350 யூனிட், இவர் வீட்டில் 351 யூனிட். அந்த ஒரு யூனிட்டின் விலை 14 வெள்ளிக்கு, அதாவது 14 ரிங்கிட்டுக்கு, மேல். இதை நம்ப மாட்டேன் என்றவர்கள் முன்னால் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். உங்களுக்கும் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இங்கே சொல்வதெல்லாம் தீபகற்பத்தில் தெனாகா நேஷனல் மின்சாரக் கம்பெனி வீடுகளுக்கு வாங்கும் கட்டணம். கடைக்கு வேறு கணக்கு. சபா, சரவாக்கில் வேறு கம்பெனி, வேறு விலை. இப்போதைய விலை 2025 முதல் 2027 வரைக்கும் போட்ட திட்டத்தில் வருவது.

பில்லைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கீழே இருக்கும் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பெயர், பிறகு 12 இலக்கக் கணக்கு எண். அப்புறம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. பிறகு மீட்டரின் முந்தைய எண்ணும் இப்போதைய எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் எரித்த யூனிட். பில்லில் அதைக் கே.டபிள்யூ.எச். என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'செபெனார்' என்று இருக்கிறதா, 'அங்காரான்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். செபெனார் என்றால் ஆள் வந்து பார்த்த உண்மையான எண். அங்காரான் என்றால் உத்தேசக் கணக்கு. என் வீட்டில் சில வருடங்களுக்கு முன் ஒரு நாய் இருந்தது. கேட்டும் பூட்டியே கிடக்கும், நான் கடைக்கு வந்துவிடுவேன். மீட்டர் பார்க்க வருகிறவர் பாவம் என்ன செய்வார்? நாலு மாதம் அங்காரான் பில்லாகவே வந்தது. தொகை குறைவாக இருந்ததால் நானும் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் உண்மையான எண்ணை எடுத்ததும் விட்டுப்போன யூனிட்டெல்லாம் மொத்தமாக வந்து உட்கார்ந்தது. அந்த மாதம் சீட்டுப் பணம் கட்டவில்லை. தப்பு நாயுடையது, இல்லையென்றால் என்னுடையது. இப்போது அப்படி வந்தால் மீட்டரைப் படம் பிடித்து தெனாகாவின் மைதிஎன்பி செயலியில் நாமே எண்ணை அனுப்பலாம். புது ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளில் இந்தப் பிரச்சினையே இல்லை, அது தானாகவே கணக்கை அனுப்பிவிடும்.

சரி, கால்குலேட்டரை எடுங்கள்.

ஒரு யூனிட்டுக்கு மூன்று விதமான காசு போடுகிறார்கள். மின்சாரத்துக்கு 27.03 காசு, மின் நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு 4.55 காசு, கம்பி வழியாக நம் வீடுவரை கொண்டுவருவதற்கு 12.85 காசு. கூட்டினால் 44.43 காசு. மாதம் 1,500 யூனிட்டுக்கு மேல் போகிற வீட்டில் முதல் எண் 37.03 காசு ஆகிவிடும். ஆனால் அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் யாரும் என் கடைக்குப் பில்லோடு வருவதில்லை.

பழைய முறையில் முதல் 200 யூனிட் 21.80 காசு, அடுத்த 100 யூனிட் 33.40 காசு, அதற்கு மேல் 51.60 காசு என்று அடுக்கடுக்காக ஏறும். மேல் அடுக்குக்குப் போனாலும் கீழ் அடுக்கின் மலிவு விலை நமக்கு நிற்கும். அதனால் புது பில்லில் 44.43 காசு என்று பார்த்ததும் பெரியவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. "200 யூனிட்டுக்குள்ள எரிக்கிறவங்களுக்கு 21 காசா இருந்ததே, டபுளாக்கிட்டானுங்களா?" என்றார் ஓர் ஐயா. இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, கழித்தல் குறியோடு. சிக்கனமாக எரிப்பவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி அது. எல்லாச் சங்கதியும் அந்த வரியில்தான்.

200 யூனிட் வரைக்கும் யூனிட்டுக்கு 25 காசு கழிக்கிறார்கள். 250 வரைக்கும் 24.5, 300 வரைக்கும் 22.5, 350 வரைக்கும் 21, 400 வரைக்கும் 17, 450 வரைக்கும் 14.5, 500 வரைக்கும் 12, 550 வரைக்கும் 10.5, 600 வரைக்கும் 9 காசு. பிறகும் குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டைத் தாண்டினால் தள்ளுபடியே கிடையாது.

இதில்தான் பலபேர் ஏமாந்து போகிறார்கள். 351 யூனிட் எரித்தால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 17 காசு தள்ளுபடி, கீழே உள்ள 350-க்கும் பழையபடி 21 காசு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 351 யூனிட் முழுவதற்கும் 17 காசுதான். படியில் ஒரு கால் வைத்தாலும் ஆளே மேல் படிக்குப் போய்விட்டதாகக் கணக்கு.

350 யூனிட்டை 44.43 காசால் பெருக்கினால் 155 வெள்ளி 50 காசு. தள்ளுபடி 73 வெள்ளி 50 காசு. மிச்சம் 82 வெள்ளி.

351 யூனிட்டுக்கு 155 வெள்ளி 95 காசு. தள்ளுபடி 59 வெள்ளி 67 காசு. மிச்சம் 96 வெள்ளி 28 காசு.

பார்த்தீர்களா? கையில் எடுத்த துணியில் ஒரு அங்குலம் குறைந்தால் ரவிக்கை முழுவதும் பிடிக்கும் அல்லவா, அந்த மாதிரி.

எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை. 200-லிருந்து 201-க்கு ஏறினால் ஒரு வெள்ளி சொச்சம்தான், கவலைப்பட வேண்டாம். 300-ஐத் தாண்டினால் ஐந்து வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அங்கே இன்னொன்றும் சேரும்: 300 யூனிட்டுக்கு மேல் போகிற வீடுகள் புதுப்பிக்கத்தக்க சக்தி நிதிக்கு 1.6 சதவிகிதம் கட்ட வேண்டும். 350-ஐத் தாண்டினால் 14 வெள்ளி. 400-ஐத் தாண்டினால் 10 வெள்ளி. 450-இல் 11 வெள்ளிக்கு மேல். 500-இல் எட்டு வெள்ளி போல.

பிறகு 600. அது படி இல்லை, மொட்டை மாடிச் சுவர். 600 யூனிட்டுக்கு 212 வெள்ளி 58 காசு. 601 யூனிட்டுக்கு 231 வெள்ளி 95 காசு. தள்ளுபடி குறைவதோடு, 600 வரைக்கும் மன்னித்துவிட்டிருந்த 10 வெள்ளி மாதச் சேவைக் கட்டணமும் வந்து சேர்கிறது. அதற்கு மேல் எரிக்கும் யூனிட்டுகளுக்கு 8 சதவிகிதச் சேவை வரி. எரிபொருள் விலை ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்து மாதாமாதம் மாறும் ஒரு சரிக்கட்டும் தொகையும் உண்டு. 600-க்குள் இருப்பவர்களை அது தொடாது, தாண்டியவர்களைத் தொடும். இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று கூட்டுக் குடும்பமாக ஒரே மீட்டரில் இருக்கிற வீடுகள் இந்த 600-இல்தான் இடித்துக்கொள்கின்றன.

ஆகவே விளக்கை அணை, காத்தாடியை அணை என்று பிள்ளைகளைக் கத்திக்கொண்டே இருப்பதில் பெரிய லாபம் இல்லை. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ராத்திரி முழுவதும் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். நம் வீடு எந்தப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று மாதம் முடிவதற்கு முன்னால் தெரிய வேண்டும். பில் வந்த பிறகு தெரிந்தால், துணியை வெட்டிய பிறகு அளவு எடுத்த கதைதான்.

அளவு எடுப்பது சுலபம். பில்லில் உள்ள கடைசி மீட்டர் எண்ணையும் தேதியையும் தினசரிக் காலண்டரில் எழுதுங்கள். சரியாக 15 நாள் கழித்து மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். பழைய மீட்டராக இருந்தால் சிவப்பு நிறக் கட்டத்தில் இருக்கும் கடைசி இலக்கத்தை விட்டுவிடுங்கள், அது பத்தில் ஒரு பங்கு. டிஜிட்டல் மீட்டரில் திரை மாறி மாறி வேறு எண்களையும் காட்டும், கே.டபிள்யூ.எச். என்று ஓரத்தில் வரும்போது எழுதிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்காரர்களுக்கு இந்த நடைகூட வேண்டாம், செயலியிலேயே நாள்வாரியாகத் தெரியும்.

பில்லில் 48213, பதினைந்தாம் நாள் 48391 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 178. இரண்டால் பெருக்கினால் 356. அதாவது, இதே போக்கில் போனால் 350-ஐ ஆறு யூனிட் தாண்டும். மீதி 15 நாளில் பத்து யூனிட் குறைத்தால் 14 வெள்ளிக்கு மேல் மிச்சம். இதுவே 330 என்று வந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, நிம்மதியாக இருங்கள். 380 என்று வந்தாலும் அப்படித்தான்: 30 யூனிட்டை இரண்டு வாரத்தில் குறைப்பது கஷ்டம், 400-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எப்போதும் மிச்சம் பிடி என்று நான் சொல்வதில்லை. மிச்சம் பிடித்தால் பலன் இருக்கிற மாதத்தில் பிடியுங்கள்.

அந்தப் பத்து யூனிட்டை எங்கிருந்து எடுப்பது? சூடு பண்ணுகிற சாமான், குளிரப் பண்ணுகிற சாமான், இரண்டிலும்தான் இருக்கிறது. சத்தம் போடுகிற சாமான்கள் பயமுறுத்தும், ஆனால் அதிகம் தின்னாது. தையல் மெஷின் கடகடவென்று ஓடும். பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கும் இஸ்திரிப் பெட்டிதான் என் கடையில் பெரிய தீனிக்காரன்.

வீட்டில் முதல் ஆள் வாட்டர் ஹீட்டர். குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி 3600 வாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். நாலு பேர் என்றால் நாளைக்கு 2.4, மாதத்துக்கு 72 யூனிட். பாட்டு முழுவதும் பாடி முடிக்கும் மகனை ஏழு நிமிடத்தில் வெளியே வரச் சொல்லுங்கள். நாலு பேரும் மூன்று நிமிடம் குறைத்தாலே 15 நாளில் பத்து யூனிட் கிடைத்துவிட்டது. கணக்கு முடிந்தது, வேறு எதையும் தொட வேண்டாம்.

இரண்டாவது ஏர்கோன். என் வீட்டுப் பழைய ஒரு ஹார்ஸ்பவர் ஏர்கோன் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடினால் ஏறக்குறைய ஐந்து யூனிட் இழுக்கும். மீட்டரைப் பார்த்து எழுதி வைத்த எண் அது. தினமும் போட்டால் அதற்கு மட்டும் மாதம் 150. இப்போது 25 டிகிரியில் வைத்து, காத்தாடியையும் சின்னதாகச் சுற்றவிட்டு, விடியற்காலை நாலு மணிக்குத் தானாக நிற்கும்படி டைமர் போட்டிருக்கிறேன். காத்தாடி 70 வாட்தான், பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்கூட வராது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதையும் மறக்க வேண்டாம். கம்பளி மாதிரி தூசி படிந்து கிடந்தால் ஏர்கோன் மூச்சு முட்டிக்கொண்டே ஓடும்.

மூன்றாவது ஐஸ் பெட்டி. தாமானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தனி ஆள். ஏர்கோன் இல்லை, ஹீட்டர் இல்லை. பில் மட்டும் நாலு பேர் இருக்கும் வீடு மாதிரி வந்தது. "யாரோ என் வயர்ல திருடுறாங்க" என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் பொருந்தும். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். தட்டு சுற்றினாலோ, டிஜிட்டல் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுங்கினாலோ, நீங்கள் அறியாமல் ஏதோ ஓடுகிறது. அசையாமல் இருந்தால் ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1000 இம்ப் என்று அச்சடித்திருந்தால், ஆயிரம் தடவை மினுங்கினால் ஒரு யூனிட். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணி 60-ஆல் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

பெரியம்மா வீட்டில் எல்லாம் அணைத்தபோது மீட்டர் பேசாமல் நின்றது. ஐஸ் பெட்டியைப் போட்டதும் மினுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. நல்ல ஐஸ் பெட்டி குளிர்ந்ததும் கொஞ்ச நேரம் ஓய்ந்து, மறுபடி ஓடும். இது ஓயாமல் ஓடியது. ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடச் சொன்னேன். நோட்டு தானாகவே கீழே விழுந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, குளிர் பூராவும் சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரப்பர் மட்டும் மாற்றினார். திருடன் அகப்பட்டான் என்று எனக்கு அன்று அதிரசம் வந்தது.

புதிதாக வாங்குகிறவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைப் படியுங்கள். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கீழே போட்டிருப்பார்கள், அதுதான் முக்கியம். பெரிய பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் இருந்தாலும், சின்னப் பெட்டி மூன்று நட்சத்திரத்தோடு குறைவாகத் தின்னலாம்.

இஸ்திரியைத் தினம் ஒரு சட்டை என்று போடாமல், வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடுங்கள். பெட்டி முதலில் சூடாவதற்குத்தான் ரொம்ப இழுக்கும். இது என் தொழில், நம்பலாம்.

நேரத்தைப் பொறுத்து விலை போடும் முறை ஒன்றும் உண்டு. ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறவர்கள் விரும்பினால் சேரலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்சாரத்துக்கு 28.52 காசு; மற்ற நேரமும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களும் 24.43 காசு. சாதாரண விலை 27.03. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வீட்டில் 340 யூனிட்டில் 140 அந்த விலை கூடிய நேரத்தில் போகிறது. மாதத்துக்கு மூன்று வெள்ளி மிச்சம். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். சேர்ந்துவிட்டேன், ஆனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடு ராத்திரியில் துணி துவைக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. ஏர்கோன் பத்து மணிக்கு மேல்தான் போடுகிற வீட்டுக்கு நல்லது. பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருந்து, சாயங்காலம் சமையலும் டி.வி.யும் ஏர்கோனும் ஒன்றாக ஓடுகிற வீட்டுக்கு வேண்டாம்.

என் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. தோட்டத்து லயன் வீட்டில் இருந்தோம். சாயங்காலம் ஆறரைக்குத் தோட்டத்து எஞ்சின் போடுவார்கள், பத்து மணிக்கு நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு. அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அப்பா கடைசி வரைக்கும் 'எல்.எல்.என். பில்' என்றுதான் சொன்னார், 1990-இலேயே அது தெனாகா நேஷனல் ஆகிவிட்ட பிறகும். அவருக்கு ஒரு மனக்குறையும் உண்டு. "சென்டரோ அணைக்கட்டு இதோ நம்ம பக்கத்துல, பேராக் ஆத்துல இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து ஓடுது. நம்ம ஆத்துத் தண்ணிக்கு நாமே ஏன் கோலாலம்பூர்க்காரன் விலை கொடுக்கணும்?" தீபகற்பம் முழுக்க ஒரே விலைதான், அணைக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி, தூரத்தில் இருந்தாலும் சரி. நாம் எரிக்கும் கரண்டில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவது. இதைச் சொன்னாலும் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வாடகை வீடு தேடி வருகிறவர்களுக்கு: சாவி வாங்குவதற்கு முன் கடைசிப் பில்லைக் கேளுங்கள். 'துங்காக்கான்' என்ற இடத்தில் ஏதாவது தொகை இருந்தால், அது பழைய ஆளின் பாக்கி. வீட்டுக்காரர் தீர்த்துக் கொடுத்த பிறகு குடி போங்கள். பிறகு அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தத்தோடு தெனாகாவின் கிளை அலுவலகமான கெடாய் தெனாகாவுக்குப் போய்க் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், செயலியிலும் செய்யலாம். இரண்டு மாதப் பில் அளவுக்கு முன்பணம் கேட்பார்கள், வீட்டைக் காலி செய்து கணக்கை மூடும்போது அது திரும்பக் கிடைக்கும். பெயர் மாற்றாமல் வீட்டுக்காரர் பெயரிலேயே கட்டிக்கொண்டிருந்தால் அந்த முன்பணமும் அவருடையதுதான், சலுகை எதுவும் உங்கள் பெயருக்கு வராது. குடி போகும் அன்றைக்கே மீட்டரைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள்.

சலுகை என்றதும் ஞாபகம் வருகிறது. அரசாங்கத்தின் இ-காசே பட்டியலில் பெயர் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரைக்கும் கரண்டு பில்லில் கழிவு உண்டு. 200 யூனிட் எரிக்கிற வீட்டுக்குத் தள்ளுபடி போகப் பில் 38 வெள்ளி 86 காசுதான், முழுப் பில்லும் அதில் போய்விடும். எங்கள் பக்கம் தகுதி இருந்தும் பதியாத வயதானவர்கள் நிறைய. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், யாரிடம் கேட்பது என்று தெரியாது. மாவட்ட அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது, கரண்டுக் கணக்கும் அந்தக் குடும்பத்தோடு பொருந்த வேண்டும். செத்துப்போன தாத்தா பெயரில் இருபது வருடமாகப் பில் வருகிற வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும்.

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செயலி, வங்கி, தபாலகம், எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் 1 சதவிகிதம் கூடும். 'இன்றைக்கே கட்டு, இல்லையென்றால் வெட்டிவிடுவோம்' என்று கைப்பேசியில் லிங்கோடு வரும் செய்தியைத் தொடாதீர்கள். மீட்டரை மெதுவாக ஓட வைத்துத் தருகிறேன் என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முத்திரையைத் தொட்டால் குற்றம்.

கடைசியாக, கரண்டு போனால் என்ன செய்வது. எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை கட்டினால் இடி நிச்சயம். இடி வருவதற்கு முன்பே டி.வி., வைபை பெட்டி பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்டு போனதும் முதலில் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கேயும் இருட்டு என்றால் தெருவுக்கே போயிருக்கிறது, 15454-க்குக் கூப்பிடுங்கள். அங்கே விளக்கு எரிந்தால் பிரச்சினை உங்கள் வீட்டுக்குள்.

கையும் காலும் ஈரமில்லாமல் மெயின் பெட்டியைத் திறங்கள். 'டி' என்று பித்தான் இருக்கும் பெரிய சுவிட்ச்தான், கரண்டு கசிந்தால் தானாக விழும் இ.எல்.சி.பி. அது கீழே விழுந்திருந்தால் மற்ற சின்னச் சுவிட்சுகளையெல்லாம் இறக்குங்கள். பிறகு இ.எல்.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது பெரியது விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்றவற்றை ஓடவிடலாம். ஐஸ் பெட்டியில் இருக்கும் மீன் கெடாது. எங்கள் வீட்டில் ஒருமுறை வாட்டர் ஹீட்டர் வழியில் இப்படி விழுந்துகொண்டே இருந்தது. மாட்டிக் கொடுத்தவர், பெயர் வேண்டாம், நிலக் கம்பியை இணைக்காமலே விட்டிருந்தார். "அதை பைபாஸ் பண்ணிடலாம், விழாது" என்று அவரே யோசனையும் சொன்னார். விழுவதற்குத்தானே அந்தச் சுவிட்ச் இருக்கிறது? ஆள் சாகாமல் இருப்பதற்காக அது விழுகிறது. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டுச் சரி செய்தோம். ஹீட்டருக்கென்று தனியாக, 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழும் சுவிட்சும் போட்டுக் கொடுத்தார். குளியலறைக்கு அதுதான் சட்டப்படியான அளவு. மாதம் ஒருமுறை அந்த 'டி' பித்தானை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் உடனே வயர்மேன்.

15454-க்குக் கூப்பிட்டால் முதலில் கேட்பது அந்த 12 இலக்கக் கணக்கு எண்ணைத்தான். பில் எங்கே இருக்கிறது என்று இருட்டில் யாரும் தேட முடியாது. நான் ஐஸ் பெட்டிக் கதவில் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.